ஹவாய் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாய் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு வரலாற்றுக்குள் போகாமல் பதில் சொல்ல முடியாது. ஹவாய் மொழிப் பெயர்களைக் காதில் விழுவதை ஒட்டியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

உகுலேலே, ஸ்டீல் கிட்டார், கடற்கரை. ஹவாய் இசை இவ்வளவுதானா?

இல்லை. இந்தக் கருவிகளெல்லாம் கடைசி இருநூறு ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தவை. ஹவாய் இசைக்கு அடித்தளம் கருவி அல்ல, சொல். பாடினாலும் ஓதினாலும் அந்தக் கவிதைக்கு 'மெலெ' என்று பெயர். எழுத்து வழக்கத்துக்கு வருவதற்கு முன்பு குலவரலாறு, கடவுளர் கதை, ஊர்ப் பெருமை, காதல், ஒப்பாரி என்று அந்த மக்கள் காப்பாற்ற நினைத்ததெல்லாம் மெலெயாக மனப்பாடத்தில் இருந்தது. குமுலிபோ என்ற படைப்புப் பாடல் மட்டும் 2,102 வரிகள். இருளில் தொடங்கி, பவளப்பூச்சி, கடல் உயிர்கள், செடிகொடிகள், பறவைகள் என்று வளர்ந்து, மனிதனுக்கு வந்து, ஓர் அரச குலத்தின் தலைமுறைப் பட்டியலாக அது விரிகிறது. கலாகாவா மன்னர் 1889இல் அதை அச்சிட்டார். அவருடைய தங்கை லிலியுகலானி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1897இல் வெளியிட்டார்.

ஹவாய் இசையில் மெட்டு வெளியிலிருந்து வந்திருக்கிறது, கருவி வெளியிலிருந்து வந்திருக்கிறது, தாளமும் வந்திருக்கிறது. மெலெ மட்டும் அந்த மண்ணுடையது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாக் காலகட்டங்களும் எளிதாகப் பிடிபடும் என்பது என் எண்ணம்.

கிட்டார் வருவதற்கு முன் என்னென்ன கருவிகள் இருந்தன?

பெரும்பாலும் தாளக் கருவிகள். இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது இபு ஹெக்கே. அதைத் தரையில் மோதியும் கையால் தட்டியும் வாசிப்பார்கள். பாஹு என்பது மரத்தைக் குடைந்து சுறாத்தோல் போர்த்திய முரசு. கோயில் சடங்குகளுக்கு உரியது என்பதால் அதற்குத் தனி மரியாதை உண்டு. கையில் பிடித்து ஒன்றோடொன்று தட்டும் கூழாங்கற்கள், பிளந்த மூங்கில் குச்சிகள், இறகு வைத்த கிலுகிலுப்பைகள், மூக்கால் ஊதும் புல்லாங்குழல், சங்கு எல்லாம் இருந்தன.

நரம்புக் கருவி ஒன்றே ஒன்றுதான்: உகேகே. வில் மாதிரி வளைத்த குச்சியில் இரண்டு மூன்று நரம்புகளைக் கட்டி, ஒரு முனையை வாயருகே வைத்து, வாயின் குழிவையே ஒலிப்பெட்டியாக்கி வாசிப்பது. காதலர்கள் இரவில் அதன் வழியே பேசிக்கொள்வார்களாம்.

கருவியே இல்லாமல் ஓதுவது ஓலி. ஒரே மூச்சில் எவ்வளவு நீளம் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுப்பதும், சொல்லின் முடிவில் குரலை நடுங்கவிடுவதும் அதன் அழகு. இன்றும் ஹவாயில் பள்ளி விழா, கட்டடத் திறப்பு, விருந்தினர் வரவேற்பு என்று எது நடந்தாலும் ஓலியில்தான் தொடங்குவார்கள்.

ஹூலா என்பது ஆட்டமா, பாட்டா? அதைத் தடை செய்தார்கள் என்கிறார்களே?

ஹூலாவில் ஆட்டத்தையும் பாட்டையும் பிரிக்க முடியாது. மெலெ இல்லாமல் ஹூலா இல்லை. ஆடுபவரின் கைகள் அந்த நேரத்தில் பாடப்படும் சொல்லைத்தான் காட்டுகின்றன. பழைய முறையில் ஓதலும் தாளக் கருவியுமாக ஆடுவது காஹிகோ. கிட்டார், உகுலேலேயுடன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு வளர்ந்தது அவுவானா.

தடை உண்மைதான். 1820இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலிருந்து கிறித்துவ மதபோதகர்கள் வந்திறங்கினார்கள். அவர்களுடைய மதத்தைத் தழுவிய அரசி காஅஹுமானு 1830இல் பொது இடத்தில் ஹூலா ஆடுவதைத் தடை செய்தார். பின்னாளில் உரிமக் கட்டணம் கட்டினால்தான் ஆடலாம் என்ற சட்டமும் வந்தது. ஆனால் கிராமங்களிலும் வீடுகளிலும் குரு வழியாகக் கலை தொடர்ந்தது. அதே மதபோதகர்கள் கொண்டுவந்த பல குரல் சேர்ந்திசையை ஹவாய் மக்கள் மனமாரக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று ஹவாய்ப் பாட்டில் நீங்கள் கேட்கும் குரல் ஒத்திசைவு தேவாலயத்தில் பிறந்ததுதான்.

1874இல் அரசேறிய கலாகாவா ஹூலாவை மறுபடி அரண்மனைக்கே கொண்டுவந்தார். 1883இல் நடந்த அவருடைய முடிசூட்டு விழாவில் நாள்கணக்கில் ஹூலா நடந்தது. அந்த நிகழ்ச்சி நிரலில் இருந்த பாடல்களுக்காக அதை அச்சிட்டவர்கள்மேல் ஆபாச வழக்குப் போட்டார்கள். அரசரே நடத்திய விழாவுக்கு அந்தக் கதி என்றால், எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

ஹீலோ நகரில் ஈஸ்டரை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் மெரி மோனார்க் விழா அவருடைய பட்டப்பெயரில் நடப்பது. 1971 முதல் அங்கே ஹூலாப் போட்டி நடக்கிறது. தனிநபர் போட்டிக்கு ஓர் இரவு, குழுக்களின் காஹிகோவுக்கு ஓர் இரவு, அவுவானாவுக்கு ஓர் இரவு. நேரலையாக ஒளிபரப்பாகும். மூன்று இரவையும் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். ஹவாய் இசையைப் பற்றி எத்தனை கட்டுரை படித்தாலும் அதற்கு ஈடாகாது.

அரச குடும்பத்தினரே பாட்டு எழுதினார்களாமே?

ஆம். கலாகாவா, அவருடைய சகோதரிகள் லிலியுகலானி, லிகெலிகே, தம்பி லெலெயோஹோகு ஆகிய நால்வரும் பாடல் இயற்றியவர்கள். நால்வரும் ஆளுக்கொரு பாட்டு மன்றம் வைத்துப் போட்டி போட்டுப் பாடியிருக்கிறார்கள். ஹவாயின் இன்றைய மாநிலப் பாடலின் சொற்கள் கலாகாவா எழுதியவை. மெட்டு ஹென்ரி பெர்கருடையது. இவர் 1872இல் பிரஷ்யாவிலிருந்து வந்து ராயல் ஹவாயன் பேண்டை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தியவர்.

நால்வரில் பெரியவர் என்று நான் சொல்வது லிலியுகலானியை. நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றியிருக்கிறார். உலகமே அறிந்த 'அலோஹா ஓஎ' அவருடையதுதான். 1878 வாக்கில் ஓஅஹு தீவின் மௌனவிலி பகுதிக்குக் குதிரையில் போய்வந்தபோது இருவர் தழுவி விடைபெறுவதைக் கண்டு எழுதினார். முழுக்க முழுக்கக் காதல் பிரிவுப் பாட்டு.

1893 ஜனவரியில் வெளிநாட்டு வணிகர்களும் சர்க்கரை முதலாளிகளும் சேர்ந்து, அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையில் இறங்கி நிற்க, அவருடைய ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1895இல் அவரைத் தம் அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறை வைத்தார்கள். அந்த அறையில் இருந்தபடியும் பாட்டு எழுதினார். தம்மைச் சிறையிட்டவர்களை மன்னிக்கும்படி இறைவனிடம் கேட்கும் பாடல் அப்போது எழுதியதுதான், தேவாலயங்களில் இன்றும் பாடுகிறார்கள். அலோஹா ஓஎ அதற்குப் பிறகு வேறு பாட்டாகிவிட்டது. சொல் ஒன்றும் மாறவில்லை. விடைபெறும் காதலன் இருந்த இடத்தில் மக்கள் தங்கள் நாட்டை வைத்துப் பாடத் தொடங்கினார்கள்.

அதே 1893இல் பிறந்த இன்னொரு பாட்டையும் தவறவிடக் கூடாது: 'கௌலானா நா புவா'. புதிய அரசுக்கு விசுவாசக் கையெழுத்துப் போட மாட்டோம் என்று வேலையை விட்ட ராயல் பேண்ட் கலைஞர்கள், அரசியின் தோழி எலன் பிரெண்டர்காஸ்டிடம் வந்து தங்களுக்காக ஒரு பாட்டு எழுதித் தரும்படி கேட்டார்கள். அரசாங்கத்தின் பணம் எங்களுக்கு வேண்டாம், இந்த மண்ணின் கல்லே எங்களுக்கு உணவாகப் போதும் என்று பாடுகிறது அது. மெட்டு உற்சாகமானது. சொல் தெரியாதவர் கேட்டால் கொண்டாட்டப் பாட்டு என்றே நினைப்பார். பல ஆண்டுகள் இதற்கு ஹூலா ஆடுவதே தகாது என்று இருந்தது, அவ்வளவு மதிப்பு.

உகுலேலே உண்மையில் எந்த ஊர்க் கருவி?

பிறப்பு போர்த்துகலின் மதேய்ரா தீவு, வளர்ப்பு ஹவாய். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமான மதேய்ரா குடும்பங்களை ஹொனொலுலுவில் இறக்கியது. அதில் மானுவல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று மரத்தச்சர்களும் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குள் வந்து கடை போட்டு, தங்கள் தீவின் சிறிய நான்கு நரம்புக் கருவியை உள்ளூர் கோவா மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். கலாகாவா அதை அரண்மனை விருந்துகளில் வாசிக்க வைத்தார். பத்தாண்டுக்குள் அது ஹவாய்க் கருவி ஆகிவிட்டது. 1916இல் சாமுவேல் கமாகா தொடங்கிய பட்டறை இன்றும் அதே குடும்பத்தின் கையில் ஹொனொலுலுவில் நடக்கிறது.

ஸ்லாக் கீ கிட்டார் என்றால் என்ன?

கிட்டார் நரம்புகள் சிலவற்றைத் தளர்த்தி, எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழு இசைவு வரும்படி சுருதி வைப்பது. கட்டைவிரல் கீழ்ச்சுருதியை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். ஒருவரே இருவர் மாதிரி ஒலிப்பார். ஹவாய் மொழியில் கீ ஹோஆலு.

இதன் கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1793இல் வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் முதலாம் கமேஹமேஹா மன்னருக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று மன்னர் ஆணையிட்டார். மாடுகள் பெருகிக் காட்டு மந்தைகளாகிப் பயிரை அழித்தன. அவற்றை அடக்கக் கற்றுத்தர 1830களில், அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிஃபோர்னியாவிலிருந்து மாடு மேய்க்கும் வீரர்களை வரவழைத்தார்கள். அவர்களோடு கிட்டாரும் வந்தது. கிட்டாரை வாங்கிக்கொண்ட ஹவாய் மாட்டுக்காரர்கள் அதைத் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி சுருதி மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் சுருதியை ரகசியமாகவே வைத்திருந்தது. அடுத்தவர் வந்தால் நரம்பைக் கலைத்துவிட்டுக் கிட்டாரைக் கீழே வைப்பார்களாம்.

இதில் முதலில் கேட்க வேண்டிய பெயர் காபி பஹினூயி. 1921இல் பிறந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக ஹொனொலுலு நகராட்சியின் சாலைப் பணியில் இருந்தார். வார இறுதியில் வைமானாலோவில் இருந்த அவருடைய வீட்டில் யார் வேண்டுமானாலும் கருவியோடு வரலாம், விடிய விடிய இசை நடக்கும். 1946இல் அவர் பதிவு செய்த 'ஹியிலாவே' தான் ஸ்லாக் கீயின் முதல் இசைத்தட்டு என்பார்கள். கரகரத்த குரல், திடீரென்று மேலே தாவும் உச்சஸ்தாயி, கீழே அசையாமல் ஓடும் கட்டைவிரல். 1980இல் காலமானார். சன்னி சில்லிங்வொர்த், லெனர்ட் குவான், ரே கானே ஆகியோர் அவருடைய தலைமுறை. அடுத்து கியோலா பீமர், லெட்வர்ட் காஅபானா, டெனிஸ் கமகாஹி. காபியின் மகன் சிரிலின் வாசிப்பில் அப்பாவின் கை அப்படியே கேட்கும்.

ஸ்டீல் கிட்டாரும் ஸ்லாக் கீயும் ஒன்றா?

இல்லை, ஆனால் உறவுக்காரர்கள். இரண்டுக்கும் தளர்த்திய சுருதிதான். ஸ்டீலில் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, நரம்பை விரலால் அழுத்தாமல் ஓர் இரும்புத் துண்டை அதன்மேல் வழுக்கவிடுவார்கள். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த இழைவு உடனே புரியும்.

இதை முழுமையான முறையாக வளர்த்தவர் ஜோசப் கெகுகு. 1874இல் லாயியே கிராமத்தில் பிறந்து, 1889 வாக்கில் பள்ளி மாணவனாக இருந்தபோதே சீப்பு, கத்தியின் பின்புறம் என்று எதை எதையோ நரம்பில் தேய்த்துப் பார்த்து, கடைசியில் இரும்புத் துண்டுக்கு வந்தார். 1904இல் ஹவாயை விட்டுப் புறப்பட்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்துத் திரிந்து, ஊருக்குத் திரும்பாமலே 1932இல் நியூ ஜெர்ஸியில் இறந்தார்.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசித்ததைக் கேட்ட அமெரிக்கா பைத்தியம் பிடித்தாற்போல ஹவாய் இசைத்தட்டுகளை வாங்கியது. சோல் ஹோஓபியி போன்ற மேதைகள் அந்த அலையில் எழுந்தவர்கள். அவருடைய 1920களின் பதிவுகள் இன்றைக்கும் வியக்கவைக்கும் வேகம். கன்ட்ரி இசையின் பெடல் ஸ்டீலுக்கு மூலம் இதுதான். வணிகரீதியாக வெற்றி பெற்ற முதல் மின்சார கிட்டாரே, 1932இல் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'வறுவல்சட்டி' வடிவக் கருவிதான். அது மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் ஸ்டீல்.

அப்படியானால் இந்தியாவில் 'ஹவாயன் கிட்டார்' என்று சொல்வது இதைத்தானா?

அதையேதான். லாயியேயில் வளர்ந்த சமோவாக்காரர் தாவ் மோயே, மனைவி ரோஸ், குழந்தைகள் என்று குடும்பமாக உலகம் சுற்றி வாசித்தவர்கள். 1940களில் பல ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கினார்கள். கல்கத்தாவில் அந்தக் கருவி வேரூன்றியது. வங்காளப் பாட்டுகளிலும் இந்திப் படப் பாட்டுகளிலும் நுழைந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் கச்சேரிக் கருவியாக்கினார். விஷ்வ மோகன் பட் அதை மாற்றி அமைத்து மோகன வீணை என்று பெயரிட்டார். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் அவர் வாசித்த தொகுப்பு 1994இல் கிராமி வாங்கியது. இதே ரை கூடர்தான் 1970களில் காபி பஹினூயியின் வீட்டுக்குப் போய் அவரோடு சேர்ந்து வாசித்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

ஆங்கிலத்தில் பாடும் ஹவாய்ப் பாட்டுகள் போலியா?

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. ஹாபா ஹௌலே என்று அழைக்கப்படும் இந்தப் பாட்டுகளை 1900களின் தொடக்கத்திலேயே சன்னி குன்யா போன்ற ஹவாய்க்காரர்களே ஜாலியாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஊர் தெரியும், மனிதர்கள் தெரிவார்கள். ஆனால் 1915க்குப் பிறகு நியூயார்க்கில் உட்கார்ந்து ஹவாயைக் கண்ணால் பார்க்காதவர்கள் எழுதித் தள்ளிய பாட்டுகள் வேறு ரகம். ஹவாய் மொழி போல ஒலிக்கும், பொருளே இல்லாத சத்தங்களை வைத்து 'யாக்கா ஹூலா ஹிக்கி டூலா' என்று 1916இல் ஒரு பாட்டு பெரிய அளவில் விற்றது. ஒரு மக்களின் உயிரான சொல்லை வெறும் ஓசையாக்கிக் காசு பார்த்த வேலை அது. எனக்கு அதில் ரசிக்க எதுவும் இல்லை.

இடையில் நிற்பது 'ஹவாயி கால்ஸ்' வானொலி நிகழ்ச்சி. 1935இல் வைகிகியின் மொவானா ஹோட்டல் முற்றத்து ஆலமரத்தடியில் தொடங்கி 1975 வரை ஓடியது. அலைச் சத்தத்துக்காகவே ஒருவர் மைக்கை நீர்விளிம்புக்குக் கொண்டுபோவார். சுற்றுலா விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அல்ஃப்ரெட் அபாகா போன்ற அருமையான பாடகர்களுக்கு அது மேடையாகவும் வாழ்வாகவும் இருந்தது.

1970களில் 'மறுமலர்ச்சி' என்கிறார்களே, என்ன நடந்தது?

முதலில் என்ன இழந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். மூன்று தலைமுறையில் மொழி வீட்டிலிருந்தே மறையத் தொடங்கியது. 1960களில் ஹவாயில் வளர்ந்த இளைஞர்கள் பலருக்குப் பாட்டியின் பாட்டு புரியாது. அவர்கள் கேட்டது ராக்.

எடி காமயே உகுலேலேயில் ஜாஸும் லத்தீன் இசையும் வாசித்துப் பேர் வாங்கியவர். காபியோடு சேர்ந்து சன்ஸ் ஆஃப் ஹவாயி குழுவை அமைத்த பிறகு, அகராதி எழுதிய பேரறிஞர் மேரி கவேனா புகூயியிடம் போனார். அவர் வழிகாட்ட, தீவு தீவாகப் போய்ப் பெரியவர்களிடம் பாட்டு சேகரித்தார். பாட்டு பிறந்த பள்ளத்தாக்குக்கே போய்ப் பார்த்து, சொல்லின் பொருளை விசாரித்து, பிறகுதான் பாடுவார். 1969இல் சண்டே மனோவா குழுவின் 'குவாவா ஜாம்' வந்தது. பீட்டர் மூன், ராபர்ட் கஸிமேரோ, ரோலண்ட் கஸிமேரோ மூவரும் இளைஞர்கள். பழைய ஹவாய்ப் பாட்டுகளை ராக் தலைமுறையின் துடிப்போடு வாசித்தார்கள். தாத்தா பாட்டு திடீரென்று இளைஞர்களின் பாட்டாகிவிட்டது.

இது மேடையோடு நிற்கவில்லை. கஹோஓலாவே தீவை அமெரிக்கக் கடற்படை 1941 முதல் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்திவந்தது. அதை எதிர்த்த போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் மோலோகாயியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெல்ம். அபாரமான பாடகர். கூட்டங்களில் முதலில் பாடுவார், பிறகு பேசுவார். 1977 மார்ச்சில், 26 வயதில், அந்தத் தீவை ஒட்டிய கடலில் தோழர் ஒருவரோடு காணாமல் போனார். குண்டுவீச்சு 1990இல்தான் நின்றது. 1978இல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அதே ஆண்டு நா ஹோகு ஹனோஹனோ என்ற உள்ளூர் இசை விருதுகளும் தொடங்கின.

பாட்டுகளில் மறைபொருள் இருக்கும் என்கிறார்களே?

காவோனா என்பது அதுதான். மேலே ஒரு பொருள், உள்ளே ஒன்று, சிலசமயம் பாடலாசிரியருக்கும் அவர் காதலருக்கும் மட்டுமே தெரிந்த மூன்றாவது ஒன்று. பூ, மழை, மாலை என்று வந்தால் வெறும் வருணனை என்று விட்டுவிடாதீர்கள். மாலை என்பது பிள்ளையாக இருக்கலாம், காதலியாக இருக்கலாம். ஹவாய் மொழியில் மழைக்கும் காற்றுக்கும் ஊருக்கு ஊர் தனிப்பெயர், நூற்றுக்கணக்கில். ஒரு மழையின் பெயரைச் சொன்னாலே எந்த ஊர், யாருடைய ஊர் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

காபி பாடிய ஹியிலாவேயையே எடுத்துக்கொள்ளுங்கள். வைபியோ பள்ளத்தாக்கின் உயரமான அருவி அது. பாட்டு அருவியின் அழகைச் சொல்வது போலத் தொடங்கும். உள்ளே இருப்பது ஒரு ரகசியக் காதலும், அதைப் பற்றி ஊர் பேசும் பேச்சும். வம்பு பேசுபவர்கள் பாட்டில் பறவைகளாகிவிட்டார்கள்.

அந்த உயர்ந்த உடைந்த குரல் என்ன?

லெயோ கியெகியே. சாதாரணக் குரலிலிருந்து உச்சக் குரலுக்குத் தாவும் இடத்தை மேற்கத்தியப் பாடகர்கள் மறைக்கப் பார்ப்பார்கள். ஹவாய்ப் பாடகர்கள் அந்த உடைவையே அலங்காரமாகக் காட்டுவார்கள். ஜெனோவா கெயாவே பாடிய 'அலிகா'வைக் கேளுங்கள். ஒரு சுரத்தைப் பிடித்தால் கேட்பவருக்கு மூச்சு முட்டும் வரை விடமாட்டார். 2008இல் 89 வயதில் மறையும்வரை ஏறக்குறைய கடைசிவரை பாடிக்கொண்டிருந்தவர். இன்றைய தலைமுறையில் ராயியாதேயா ஹெல்ம். ஜார்ஜ் ஹெல்மின் அண்ணன் தம்பி வழியில் வந்த மகள்தான்.

இஸ்ரேல் கமகவிவோஓலே பற்றிச் சொல்லுங்கள். 'ஓவர் த ரெயின்போ' என்ற அந்த வானவில் பாட்டு மட்டும்தான் தெரியும்.

1988இல் ஒரு நள்ளிரவுக்குப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, உகுலேலேயும் குரலுமாக ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனது அந்தப் பதிவு. 1993இல் 'ஃபேசிங் ஃபியூச்சர்' தொகுப்பில் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஹவாய்க் கலைஞர் ஒருவரின் தொகுப்பு அமெரிக்காவில் பிளாட்டினம் விற்பனையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஹவாய் மக்கள் அவரை 'இஸ்' என்று கொண்டாடுவது அந்தப் பாட்டுக்காக மட்டுமல்ல. அண்ணன் ஸ்கிப்பியுடன் சேர்ந்து தொடங்கிய மாகாஹா சன்ஸ் ஆஃப் நீஇஹாவ் குழுவில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஹவாய் மொழியில் பாடியவர் அவர். அதே தொகுப்பில் 'ஹவாயி '78' என்ற பாட்டு இருக்கிறது. மிக்கி இயோவானே எழுதியது. பழைய அரசரும் அரசியும் இன்று திரும்பி வந்து, தங்கள் புனித நிலத்தில் நெடுஞ்சாலைகள் ஓடுவதைப் பார்த்தால் சிரிப்பார்களா, அழுவார்களா என்று கேட்கிறது. வானவில் பாட்டுக்குப் பிறகு அதைக் கேளுங்கள், இஸ் யார் என்று தெரியும்.

1997 ஜூனில், 38 வயதில் இறந்தார். மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் கோவா மரப்பெட்டியில் அவர் உடலை வைத்தார்கள். அரசியல் பதவி வகிக்காத ஒருவருக்கு அந்த மரியாதை அரிது. அஸ்தியை மாகுவா கடலில் கரைத்தார்கள்.

ஜவாயன் என்பது?

ரெகே தாளத்தில் ஹவாய்த் தீவுப் பாட்டு. 1980களில் கிளம்பி வானொலியைப் பிடித்துக்கொண்டது. மூத்தவர்கள் பலருக்குப் பிடிக்காது. என் கருத்தில், ஜமைக்காவின் ரெகேயும் நிலம் பறிக்கப்பட்டவர்களின் பாட்டுதான், அதனால் அந்த உறவு இயல்பானது. ஆனால் அதில் வரும் பெரும்பான்மைப் பாட்டுகளின் சொற்கள் மெலிந்தவை.

ஹவாய் இசைக்குக் கிராமி விருது இருந்து, பிறகு போய்விட்டதாமே?

2005 முதல் 2011 வரை, ஏழு தடவை மட்டும் அந்தத் தனிப் பிரிவு இருந்தது. ஏழில் ஐந்து விருது ஸ்லாக் கீ தொகுப்புகளுக்குப் போனது, மற்ற இரண்டு பாடகி டியா கரேரேக்கு. மெலெயே உயிரான ஓர் இசையில், ஹவாய் மொழியில் எழுதிப் பாடும் கெயாலீயி ரைஷல் போன்றவர்கள் ஒருமுறைகூட வாங்கவில்லை. வாக்களித்தவர்களில் பெரும்பாலோருக்கு மொழி தெரியாது, கிட்டார் புரியும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்லாக் கீ கலைஞர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் அந்தப் பட்டியல் ஹவாய் இசையின் முகம் அல்ல.

பிரிவை நீக்கிய பிறகு நடந்ததுதான் நல்ல செய்தி. பல வட்டார இசைகளும் போட்டியிடும் பொதுப் பிரிவில் கலானி பெயா 2017, 2019, 2022 என்று மூன்று தடவை வென்றார். ஹீலோக்காரர், ஹவாய் மொழி வழிப் பள்ளியில் படித்து வந்தவர், அந்த மொழியிலேயே எழுதுபவர்.

இன்று யாரைக் கேட்கலாம்?

கலானி பெயாவைச் சொல்லிவிட்டேன். ஜாஷ் டாடோஃபி ரெகேயிலிருந்து ஹவாய் மொழிப் பாட்டுக்கு வந்தவர். குரலில் ஆர் அண்ட் பி நெகிழ்வு இருக்கும். கெயாலீயி ரைஷலின் 1994 தொகுப்பு 'கவாயிபுனஹேலே' கட்டாயம். ஏமி ஹானையாலீயி கிலியம், குபாவோவா இரட்டையர், கனகாஓலே குடும்பத்தில் வந்து ஓதலையும் இன்றைய இசையையும் ஒன்றாக்கும் கௌமாகாயிவா கனகாஓலே ஆகியோரையும் தேடிப் பாருங்கள். ஜேக் ஷிமாபுகுரோ உகுலேலேயில் எதையும் வாசிக்கக்கூடியவர். 2006இல் நியூயார்க் பூங்காவில் அவர் வாசித்த காணொளி உலகம் முழுக்கப் பரவி, உகுலேலேவை விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. புரூனோ மார்ஸ் ஹொனொலுலுவில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் அவர் இசை வேறு.

2019இல் மௌனா கேயா மலையுச்சியில் பெரிய தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்து மக்கள் சாலையில் அமர்ந்தபோது தினமும் பாடினார்கள். ஹினாலெயிமோவானா வாங்-கலு இயற்றிய 'கூ ஹாஅஹேயோ' அந்தப் போராட்டத்தின் பாட்டாகவே ஆனது. அந்த மலைச்சாலையில் ஆயிரம் பேர் சேர்ந்து பாடும் பதிவுகள் கிடைக்கின்றன.

எனக்கு ஹவாய் மொழி தெரியாது. பொருள் புரியாமல் கேட்டு என்ன பயன்?

கேளுங்கள், அப்புறம் பொருளைத் தேடுங்கள். ஹுவாபாலா என்ற இணையதளத்தில் ஏராளமான பாடல்களின் சொற்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும், யாருக்காக எழுதியது என்ற குறிப்பும் இருக்கின்றன. மொழியில் ஐந்து உயிர், எட்டு மெய், ஆகப் பதின்மூன்றே எழுத்துகள். எட்டு மெய்களில் ஒன்று தொண்டையில் சட்டென்று நிறுத்தும் ஒலி. பெரும்பாலான பாட்டுகள் முடியும்போது 'ஹாயினா' என்ற சொல் வரும். கதை இதோடு முடிகிறது, சாரத்தைச் சொல்கிறேன் என்று அறிவிக்கும் வரி அது. அதைப் பிடித்துவிட்டால் பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஹவாய்க்காரர் அல்லாத நாம் இவற்றைப் பாடலாமா?

பெரும்பாலானவற்றைப் பாடலாம். ஜப்பானில் எத்தனையோ பேர் ஹூலா கற்கிறார்கள், ஹவாய்க் குருமார்கள் போய்ச் சொல்லித் தருகிறார்கள். சில முறைகள் உண்டு. சடங்குக்குரிய ஓலிகளைக் குருவின் அனுமதி இல்லாமல் மேடையில் ஓதக் கூடாது. ஒரு மனிதரின் பெயரால் இயற்றப்பட்ட பாடல் அவருக்கும் அவருடைய சந்ததிக்கும் சொந்தம், பெயரை மாற்றிப் பாடக் கூடாது. பாடுவதற்கு முன் இயற்றியவர் பெயரையும், எந்த ஊரைப் பற்றிய பாட்டு என்பதையும் சொல்வது வழக்கம். உச்சரிப்பில் நெட்டெழுத்தைக் குறுக்கினால் சொல்லே வேறாகிவிடும் என்பதால், ஹவாய்க்காரர் ஒருவர் பாடிய பதிவைப் பலமுறை கேட்டு, அதன்படி பழகிக்கொண்டு பாடுங்கள்.